ஒற்றைத் தடத்தில் ஓடிய நேரம்

மலாய் மொழியில் சிம்பாங் என்றால் சாலை பிரியும் இடம், சந்தி. நடு ஜொகூரில், ஆயர் ஈத்தாமுக்கும் கூலாய்க்கும் இடையே முதலாம் எண் கூட்டரசுச் சாலையில் இருக்கும் சிம்பாங் ரெங்கம் தன் பெயரிலேயே இன்னோர் ஊரைச் சுமந்துகொண்டிருக்கிறது. ரெங்கத்துக்குப் போகிறவர் இங்கே திரும்ப வேண்டும். பெயர் சொல்வது அவ்வளவுதான். திரும்பிக் கிழக்கே போனால் தோட்டங்களுக்கு நடுவே ரெங்கம் வரும். சந்தியில் இல்லாத ஒன்று அங்கே உண்டு: ரயில் நிலையம்.

வடக்கிலிருந்து வரும் சாலையும் தண்டவாளமும் செகாமாட், லாபிஸ் வரை பக்கத்துணையாகவே வருகின்றன. அதன்பின் பிரிகின்றன. சாலை யோங் பெங், ஆயர் ஈத்தாம், சிம்பாங் ரெங்கம் என்று மேற்கே இறங்குகிறது. தண்டவாளம் பெக்கோக், பாலோ, குளுவாங், ரெங்கம், லாயாங்-லாயாங் என்று கிழக்கே சுற்றி, கூலாயில் மறுபடி சாலையைச் சந்திக்கிறது. ரயில் ஏற வேண்டிய சிம்பாங் ரெங்கம்வாசி முதலில் ரெங்கத்துக்கோ குளுவாங்குக்கோ போய்ச் சேர வேண்டும். அப்படிக் கிளம்புகிறவருக்கு இரண்டு கேள்விகள் முக்கியம். ரயில் எத்தனை மணிக்கு? சொன்ன மணிக்கு வருமா? நூறாண்டுகளுக்கும் மேலாக இந்தத் தடத்தில் அந்த இரண்டாம் கேள்விக்கு விடை மாறி மாறி வந்திருக்கிறது.

ஜொகூரின் முதல் ரயில் முயற்சி மரத்தால் ஆனது. 1869இல் மகாராஜா அபு பக்கார் ஜொகூர் பாருவிலிருந்து கூனோங் பூலாய் நோக்கி மரத் தண்டவாளம் போடச் செய்தார். காட்டில் மரத்துக்குக் குறைவில்லை, கறையானுக்கும் குறைவில்லை. தண்டவாளத்தைக் கறையான் அரித்தது, திட்டம் பாதியில் நின்றது. இரும்புத் தடம் வர இன்னும் நாற்பது ஆண்டுகள் ஆயின.

1904இல் ரயில் பாதை குறித்து ஜொகூருக்கும் பிரிட்டிஷாருக்கும் உடன்பாடு ஏற்பட்டது. 1909 ஜூலை 1ஆம் தேதி கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை, ஏறத்தாழ 120 மைல் நீளத்துக்கு, ஜொகூர் அரசு ரயில்வே திறக்கப்பட்டது. இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலம்; போக வர ஒரே தடம். அதோடு பினாங்குக்கு எதிர்க்கரையான பிறையிலிருந்து ஜொகூர் நீரிணை வரை தொடர்ச்சியாக ரயில் ஓடத் தொடங்கியது. நீரிணையைப் படகில்தான் கடக்க வேண்டியிருந்தது. கடற்பாலம் எழும்பி, 1923 அக்டோபரில் பயணிகள் ரயில் அதன்மேல் ஓடிய பிறகுதான் சிங்கப்பூருக்கு இறங்காமல் போக முடிந்தது.

காலமும் ஒத்துழைத்தது. தடம் திறந்த மறு ஆண்டு, 1910இல், ரப்பர் விலை உச்சத்துக்கு ஏறியது. தண்டவாளத்தின் இருபுறமும் காடு அழிந்து கித்தாத் தோட்டங்கள் எழுந்தன. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறி வந்த தமிழர்கள் அந்தத் தோட்டங்களின் லயங்களில் குடியேறினார்கள். தோட்டத்தில் உலர்த்திய ரப்பர் தகடுகள் ரயிலேறி சிங்கப்பூர்த் துறைமுகத்துக்குப் போயின. அரிசியும் பருப்பும் கடிதமும் அதே தடத்தில் வந்தன. தோட்டத்து மக்கள் அதைக் கம்பிச் சடக்கு என்றார்கள்.

கம்பிச் சடக்கைப் போட்டதிலும் காத்ததிலும் தமிழர் கை ஆழமாகப் பதிந்திருக்கிறது. மலாயாவின் முதல் ரயில் 1885 ஜூன் 1ஆம் தேதி தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு, 13 கிலோமீட்டர்கூட நிறையாத தூரம் ஓடியது. அந்தத் தடத்தை அமைக்க இலங்கையிலிருந்து பயோனியர் தொழிலாளர் படையினர் அழைத்து வரப்பட்டார்கள். 1901இல் மலாய் கூட்டரசு மாநிலங்களின் ரயில்கள் ஒரே நிர்வாகத்தின்கீழ் வந்தபோது, முதல் பொது மேலாளராக அமர்ந்தவர் சார்லஸ் எட்வின் ஸ்பூனர். இலங்கைப் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர். மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்துத் தேறிய யாழ்ப்பாணத்து இளைஞர்களை அவருக்குத் தெரியும். கிராணிகளாகவும் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் தந்தி அடிப்பவர்களாகவும் அவர்கள் மலாயா ரயில்வேயை நிறைத்தார்கள். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேரடி ரயில் 1905இல்தான் ஓடியது. அதற்கு முன்பே யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் கடல் தாண்டி வேறொரு நாட்டின் ரயிலுக்குக் கைகாட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

தண்டவாளத்தின் கீழே ஜல்லி தட்டியவர்களும், கட்டைகளை மாற்றியவர்களும், தினமும் தடத்தில் நடந்து ஆணி தளர்ந்திருக்கிறதா என்று பார்த்தவர்களும் பெரும்பாலும் தமிழகத்துக் கூலித் தொழிலாளர்கள். கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் என்று இரண்டு தமிழ்ப் பேட்டைகள் வளர்ந்ததற்கு ரயில்வே குடியிருப்பும் ரயில்வே பட்டறையும் முக்கியக் காரணங்கள்.

ரயில் நேரத்துக்கு வர வேண்டுமானால், முதலில் ஊருக்கெல்லாம் ஒரே நேரம் வேண்டும். அது தானாக இருந்ததல்ல. சூரியன் உச்சிக்கு வரும் பொழுதை வைத்து ஒவ்வோர் ஊரும் தன் நேரத்தை வைத்திருந்த காலத்தில், கோலாலம்பூர் கடிகாரம் சிங்கப்பூர் கடிகாரத்துக்கு ஒன்பது நிமிடம் போலப் பின்தங்கியிருந்தது. மாட்டு வண்டிக்கு ஒன்பது நிமிடம் பொருட்டல்ல. எதிரெதிரே ஒரே தடத்தில் வரும் இரண்டு ரயில்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. ரயில்வே ஒன்றிணைந்த அதே 1901ஆம் ஆண்டின் முதல் நாளில் மலாய் கூட்டரசு மாநிலங்கள் சிங்கப்பூர் நேரத்தை ஏற்றன. 1905 ஜூன் 1 முதல் கிரீன்விச்சுக்கு ஏழு மணி நேரம் முந்திய நேரம் வந்தது. ஜொகூர்த் தடம் திறந்தபோது அந்த நேரம்தான் நடப்பில் இருந்தது.

நேரத்தை ஒன்றாக்கும் இந்த வேலையை ரயில்கள்தான் உலகெங்கும் செய்தன. இங்கிலாந்தில் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 1840இல் தன் நிலையங்கள் அனைத்திலும் லண்டன் நேரத்தை வைத்தது. அந்நாட்டுச் சட்டம் அதை ஏற்க 1880 ஆயிற்று. இந்தியாவில் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் நடுவில் விழுந்ததால் சென்னை நேரம் ரயில்களின் பொது நேரமானது. நுங்கம்பாக்கம் வானாய்வகம் கணித்த மணியைத் தந்தி மூலம் பெற்று வட இந்திய நிலையங்களும் கடிகாரம் திருத்தின. 1906இல் இந்திய நேரம் வரும்வரை அந்த ஏற்பாடு நீடித்தது. தங்கள் தலைநகரின் பெயரில் ரயில் நேரம் ஓடிய மண்ணிலிருந்து கிளம்பி வந்தவர்கள்தான் ஜொகூரில் தண்டவாளம் போட்டார்கள்.

மலாயாவின் கடிகாரம் அதன்பிறகும் ஓரிடத்தில் நிற்கவில்லை. 1933இல் இருபது நிமிடம் முன்னே தள்ளப்பட்டது. 1941 செப்டம்பரில் இன்னும் பத்து நிமிடம். 1942 பிப்ரவரியில் ஜப்பானியர் டோக்கியோ நேரத்தைக் கொண்டுவந்தபோது ஒரே தாவலில் ஒன்றரை மணி நேரம் முன்னே ஓடியது. 1945 செப்டம்பரில் அந்த ஒன்றரை மணி திரும்பி வந்தது. 1982 ஜனவரி 1 முதல், சபா, சரவாக்கோடு ஒரே நேரம் இருக்க வேண்டும் என்று அரை மணி நேரம் கூட்டப்பட்டது, இன்றும் அதுவே. ஒவ்வொரு முறையும் அட்டவணை ஒரு பக்கமும் சூரியன் ஒரு பக்கமும் நின்றன. ரப்பர்ப் பால் விடியற்குளிரில்தான் நன்றாக வடியும். தொழிலாளரை வேலைக்கு அழைக்கும் பெரட்டு மணி எத்தனைக்கு அடித்தாலும் மரம் கேட்பது வெளிச்சத்தையும் குளிரையும்தான்.

நேரம் ஒன்றானாலும் தடம் ஒன்றாக இருக்கும்வரை ரயில் காத்துத்தான் ஆக வேண்டும். ஜொகூர்த் தடத்தின் சிக்கல் முழுவதும் இந்த ஓர் இடத்தில் இருக்கிறது.

ஒற்றைத் தடத்தில் இரண்டு நிலையங்களுக்கு இடைப்பட்ட துண்டில் ஒரு சமயத்தில் ஒரு ரயில்தான் இருக்கலாம். அதை உறுதி செய்யச் சாவி போன்ற ஓர் இரும்புத் துண்டு உண்டு. அதற்கு டோக்கன் என்று பெயர். அடுத்தடுத்த இரண்டு நிலையங்களிலும் உள்ள பெட்டிகள் மின்கம்பியால் பிணைக்கப்பட்டிருக்கும். ஒன்றிலிருந்து டோக்கனை எடுத்துவிட்டால், அது ஏதாவது ஒரு பெட்டிக்குள் திரும்பப் போகும்வரை வேறு டோக்கன் வெளியே வராது. டோக்கன் கையில் இல்லாமல் ஓட்டுநர் அந்தத் துண்டுக்குள் நுழையக் கூடாது. நிலையப் பணியாளர் அதைப் பெரிய வளையத்தில் கோத்து நீட்டுவார். நிற்காத ரயிலின் ஓட்டுநர் வண்டி மெதுவாகும்போது கையை விட்டுப் பறித்துக்கொண்டு, பழைய டோக்கனைக் கழற்றிப் போடுவார். இந்தக் கைமாற்றம் சிங்கப்பூரின் புக்கிட் தீமா நிலையத்தில் 2011 வரை நடந்தது.

குளுவாங்கிலிருந்து தெற்கே வரும் ரயிலும் கூலாயிலிருந்து வடக்கே வரும் ரயிலும் ரெங்கத்தில் கடக்க வேண்டும் என்று அட்டவணை சொல்வதாக வைத்துக்கொள்வோம். தெற்கே வருவது இருபது நிமிடம் தாமதம். வடக்கே போவது குறித்த நேரத்தில் வந்து ரெங்கத்தின் பக்கத் தடத்தில் நிற்கிறது. அதன்மேல் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் இருபது நிமிடம் நின்றே ஆக வேண்டும். அப்படி நின்ற ரயிலுக்காகப் பாலோவில் ஒரு சரக்கு ரயில் காத்திருக்கும். சரக்கு ரயிலுக்குப் பின்னால் இன்னொன்று. காலையில் லாபிஸ் பக்கம் ஓர் எஞ்சினில் ஏற்பட்ட கோளாறு, மாலையில் ஜொகூர் பாருவில் உறவினருக்காகக் காத்திருப்பவரின் கால்களை வலிக்க வைக்கும். தமிழகத்தில் ஒற்றைத் தடத்தில் பயணம் செய்தவர்களுக்கு இந்தச் சொல் நன்றாகத் தெரியும்: கிராசிங். நடுக்காட்டில் வண்டி நிற்கும், எதிர் ரயில் சீறிக் கடந்து போகும், அதன்பிறகுதான் நகரும்.

ஒருவருடைய சோம்பல் ரயிலைத் தாமதப்படுத்துகிறது என்ற எண்ணம் இந்த ஏற்பாட்டைப் பார்த்தால் உதிர்ந்துவிடும். ஒற்றைத் தடத்தில் நேரம் காத்தவர்கள் தந்தியில் பேசிக்கொண்ட ஸ்டேஷன் மாஸ்டர்கள். எந்த ரயிலை முன்னே விடுவது, எதை எங்கே நிறுத்துவது என்று அவர்கள் நிமிடத்துக்கு நிமிடம் கணக்குப் போட்டார்கள். கணக்கு சரியாக விழுந்த நாளில் யாரும் அவர்களைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

அந்தக் கணக்கையெல்லாம் போர் கலைத்தது. பின்வாங்கிய பிரிட்டிஷ் படை பாலங்களை உடைத்துக்கொண்டே போனது. 1942 ஜனவரி 31ஆம் தேதி ஜொகூர் கடற்பாலத்தையும் பிளந்தது. ஜப்பானியர் மலாயாவின் கிழக்குக் கரைத் தடத்தில் பெரும்பகுதியைப் பெயர்த்துச் சயாம்-பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். தண்டவாளத்தோடு ஆட்களும் போனார்கள். தோட்டங்களிலிருந்து அழைத்தும் இழுத்தும் செல்லப்பட்ட தமிழர்களில் பல்லாயிரம் பேர் அந்த 415 கிலோமீட்டர் பாதையில் நோயாலும் பசியாலும் மாண்டார்கள். போன ரயில் யாரைத் திருப்பிக் கொண்டுவரவில்லை என்ற கணக்கு மலாயாத் தோட்டங்களில் நெடுங்காலம் வலித்தது.

மீண்டு எழுந்த சில ஆண்டுகளில், 1948இல், அவசரகாலம் தொடங்கியது. நடு ஜொகூர்க் காடுகள் கம்யூனிஸ்டு கெரில்லாக்களின் பிடி இறுகியிருந்த பகுதிகளில் ஒன்று. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, ரயில்கள் கவிழ்க்கப்பட்டன. பயணிகள் ரயிலுக்கு முன்னால் கவசமிட்ட டிராலிகள் தடத்தைச் சோதித்துக்கொண்டே ஓடின. இரவு ரயில்கள் சில காலம் நிறுத்தப்பட்டன. அந்த ஆண்டுகளில் ரயில் வந்து சேர்ந்தாலே போதும் என்றிருந்தது. எத்தனை மணிக்கு என்று கேட்கும் நிலை இல்லை.

காத்திருப்பு தனக்கென்று ஒரு சுவையையும் உண்டாக்கிக்கொண்டது. குளுவாங் நிலையத்தில் 1938இல் தொடங்கிய காப்பிக் கடை தலைமுறைகள் கடந்து நடந்து, ஊரின் அடையாளமாகவே ஆனது. கரியில் வாட்டிய ரொட்டியில் காயாவும் வெண்ணெயும், வாழையிலைப் பொட்டலத்தில் நாசி லெமாக், பீங்கான் கோப்பையில் கட்டியான காப்பி. ரயில் ஏறாதவர்களும் அதற்காக நிலையத்துக்குப் போனார்கள்.

ஆனால் காப்பி மட்டும் பயணிகளைப் பிடித்து வைக்கவில்லை. 1994இல் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறந்தது. அது மேற்குப் பக்கமாக, சிம்பாங் ரெங்கத்தை ஒட்டிப் போனது. சந்தி ஊருக்கு வாசல் கிடைத்தது. ரெங்கத்தின் வாசலில் கூட்டம் குறைந்தது. கோலாலம்பூருக்கும் ஜொகூர் பாருவுக்கும் இடையே விரைவுப் பேருந்து நான்கைந்து மணி நேரத்தில் போனது. வளைந்து வளைந்து, கிராசிங்குக்கு நின்று நின்று போன ரயிலுக்கு அதைவிட அதிக நேரம் பிடித்தது. 2015 அக்டோபரில் வடக்கிலிருந்து கிம்மாஸ் வரை மின்சார ரயில் வந்தது. கிம்மாஸுக்குத் தெற்கே டீசல் எஞ்சினும் ஒற்றைத் தடமும் அப்படியே தொடர்ந்தன. தெற்கே போகிறவர் கிம்மாஸில் இறங்கி மாறி ஏற வேண்டியதாயிற்று. நாட்டின் ரயில் இரண்டு வேகங்களில் ஓடியது.

ரயில் நேரத்துக்கு வந்தது என்பதன் அளவும் நாட்டுக்கு நாடு வேறு. இந்திய ரயில்வே கணக்கில் கடைசி நிலையத்தை 15 நிமிடத்துக்குள் எட்டினால் அது தாமதமல்ல. ஜெர்மனியில் 6 நிமிடத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். அந்த அளவுகோலிலும் 2024இல் அந்நாட்டின் நெடுந்தூர ரயில்களில் 62.5 விழுக்காடுதான் தேறின. நீண்ட காலம் செலவழிக்காமல் விட்ட பழைய தண்டவாளங்களும் நெரிசலான சந்திப்புகளும் அதற்குக் காரணங்கள். பக்கத்திலேயே சுவிட்சர்லாந்து 3 நிமிட வரம்பு வைத்துக்கொண்டு 90 விழுக்காட்டுக்கு மேல் காட்டுகிறது. 1982இலிருந்து அங்கே ரயில்கள் மணிக்கு மணி ஒரே நிமிடத்தில் கிளம்பும்படி நாடு முழுவதற்கும் அட்டவணை பின்னப்பட்டது. எந்தச் சந்திப்பில் எத்தனை தடம் வேண்டும் என்பதையும் பின்னர் அந்த அட்டவணையை வைத்தே முடிவு செய்தார்கள். ஒரே மொழி பேசும் மக்கள் எல்லையின் இருபுறமும் வாழ்கிறார்கள். ரயில்கள் மட்டும் வேறுவேறு விதமாக நடக்கின்றன.

ஜப்பானின் புகழ் வேறு உயரத்தில் இருக்கிறது. 2017 நவம்பரில் சுகுபா விரைவு ரயில் ஒன்று 20 நொடி முன்னதாகக் கிளம்பிவிட்டதற்கு நிறுவனம் பொது மன்னிப்புக் கேட்டது. 1964இல் தொடங்கிய தொக்காய்தோ ஷிங்கான்செனின் சராசரித் தாமதம் பெரும்பாலும் இரண்டு நிமிடத்துக்குள்தான். அதற்கென்று தனித் தடம் உண்டு. சரக்கு ரயிலும் சாதாரணப் பயணிகள் வண்டியும் அதில் குறுக்கிடுவதில்லை. அதே ஜப்பானில் 2005 ஏப்ரல் 25ஆம் தேதி, ஒன்றரை நிமிடத் தாமதத்தை ஈடுகட்ட வேகமெடுத்த ஒரு புறநகர் ரயில் அமாகசாக்கி வளைவில் தடம் புரண்டு 107 பேர் இறந்தார்கள். தாமதம் செய்த ஓட்டுநர்களைத் தண்டிப்பது போன்ற மறுபயிற்சி அங்கே நடப்பில் இருந்ததும், அந்த அச்சமும் விசாரணையில் பேசப்பட்டன. தடத்தையும் அட்டவணையையும் தளர்த்தாமல் ஓட்டுநரின் நெஞ்சை மட்டும் இறுக்கினால் என்ன நடக்கும் என்பதை அந்த வளைவு காட்டியது.

ஜொகூருக்கு வேண்டியிருந்தது இரண்டாவது தடம். கிம்மாஸ் முதல் ஜொகூர் பாரு வரை 192 கிலோமீட்டருக்கு இரட்டைத் தடமும் மின்கம்பியும் அமைக்கும் வேலை 2018இல் தொடங்கியது. பழைய நிலையங்களின் அருகே புதிய கட்டடங்கள் எழுந்தன. மேம்பாலங்கள் வந்து லெவல் கிராசிங்குகள் மறைந்தன. 2025 மார்ச்சில் மின்சார ரயில் செகாமாட்டை எட்டியது. ஆகஸ்டு இறுதியில் குளுவாங். டிசம்பரில் ஜொகூர் பாரு. கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்கு இப்போது ஐந்து மணி நேரத்துக்குள் இறங்காமல் போகலாம். 1909இல் திறந்த ஒற்றைத் தடம் 116 ஆண்டுகளுக்குப் பிறகு துணை பெற்றது.

இரட்டைத் தடத்திலும் தாமதம் வரும். மின்கம்பி அறுந்தால், மழையில் மண் சரிந்தால், சிக்னல் பழுதானால் ரயில் நிற்கும். ஆனால் தெற்கே வரும் ரயிலின் தாமதத்தை வடக்கே போகும் ரயில் ஏற்க வேண்டிய கட்டாயம் தீர்ந்தது.

முதலாம் எண் சாலையில் தெற்கே போகும் வண்டிகள் இன்றும் சிம்பாங் ரெங்கத்தைக் கடந்து போகின்றன. சந்தியில் கிழக்கே திரும்புகிறவர் ரெங்கத்தில் போய் நிற்கும்போது நான்கு தண்டவாளங்களைப் பார்ப்பார்: இரண்டு வடக்கே போவதற்கு, இரண்டு தெற்கே வருவதற்கு. எதிர் ரயிலுக்காக ஒரு வண்டி பக்கத் தடத்தில் ஒதுங்கிக் காத்திருந்த, கையில் வளையத்தோடு ஒருவர் அதன் வரவைப் பார்த்து நின்ற அதே ஊரில்.